விரிவுரை மண்டபமும் பேசாலைக் கடலும்

சட்டம் பயிலும் கழகங்களிலே இருவகை விரிவுரைகள் நிகழ்வதுண்டு. பாடத்திட்டத்தை ஒட்டி ஆசிரியர் நாள்தோறும் நடத்தும் வகுப்பு ஒருவகை. வெளியிலிருந்து வந்த அறிஞர் ஒருவர், மாணவரும் ஆசிரியரும் நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் ஒருங்கே அமர்ந்திருக்க, தாம் பல்லாண்டு ஆராய்ந்த பொருளை எடுத்துரைக்கும் சிறப்பு விரிவுரை மற்றொரு வகை. முதல்வகை தேர்வுக்கு நேரே உதவும். இரண்டாம் வகையால் மாணவனுக்குத் தேர்விலே ஒரு புள்ளிதானும் கூடாது போகலாம். எனினும், சட்டத்தின் வரலாற்றைத் திருப்பிப் பார்ப்பவர்க்கு, அதன் முக்கியமான திருப்பங்கள் சில இத்தகைய சிறப்பு விரிவுரைகளிலேயே தொடங்கியிருப்பது புலனாகும்.

இவையெல்லாம் மாநகரங்களுக்கு உரியவை, கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை காண மன்னார்த் தீவின் வட கரையிலுள்ள பேசாலையை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் செல்லும் வழியிலே, புகையிரதப் பாதையை அடுத்து அமைந்தது பேசாலை. வெற்றி மாதா பேராலயத்தைச் சூழ்ந்து வாழும் அவ்வூர் மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுட் பலர் கடற்றொழில் புரிபவர். வடக்கே பாக்கு நீரிணையை ஒட்டிய கடல். தீவின் தென்புறத்திலே மன்னார் வளைகுடா. வாடைக் காற்றும் சோளகக் காற்றும் வகுத்துக் கொடுத்த காலக் கணக்கிலே தொழில் நடைபெறும். மீன், சங்கு, கடலட்டை, முற்காலத்திலே தென்கடற் பார்களில் விளைந்த முத்து ஆகியவை இக்கரையின் செல்வங்கள். பேசாலையிலே சட்டக் கலாசாலை எதுவும் இல்லை. ஆயினும், அவ்வூர்த் தொழிலாளி எந்தக் கடலில் வலை விரிக்கலாம், கடலடியிற் கிடக்கும் சங்கு யாருடையது, எத்தனை தூரத்துக்கு அப்பால் அவனது வள்ளம் அந்நியக் கடலிற் புகுந்ததாகும் என்னும் கேள்விகளுக்கெல்லாம் சட்டம் இன்று கூறும் விடைகள், தொலைதூரத்து விரிவுரை மண்டபங்களிலே உருவாகி இங்கு வந்து சேர்ந்தவையே. அவை வந்த வழியைக் காண்போம்.

முதலிலே நாம் செல்லவேண்டிய இடம் ஸ்பெயின் தேசத்துச் சலமன்காப் பல்கலைக்கழகம். பதினாறாம் நூற்றாண்டிலே அங்கு ஒரு நல்ல நியதி இருந்தது. பேராசிரியர் ஒவ்வொருவரும் வழக்கமான வகுப்புகளோடு நின்றுவிடலாகாது. ஆண்டிற்கு ஒரு முறை பல்கலைக்கழகத்தார் அனைவர் முன்னிலையிலும் ஒரு சிறப்பு விரிவுரை நிகழ்த்த வேண்டும். இறையியற் பேராசிரியராக விளங்கிய பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, 1539 ஆம் ஆண்டிலே இந்நியதிப்படி அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றிப் பேசினார். புதிதாகக் கண்டுபிடித்த நாடுகளை ஸ்பெயின் மன்னர் கைக்கொள்வதற்கு உண்மையில் என்ன உரிமை உண்டு என்பதே பொருள். அந்நாட்டு மக்கள் தம் நிலத்துக்கும் உடைமைக்கும் உரியவர்களே எனவும், பேரரசராயினும் திருத்தந்தையாயினும் உலகம் முழுவதற்கும் அதிபதியல்லர் எனவும் அவர் வாதித்தார். அவ்வுரையிலேயே, ஓடும் நீரும் கடலும் துறைமுகங்களும் இயற்கைச் சட்டப்படி அனைவர்க்கும் பொதுவானவை என்னும் பழைய உரோமக் கொள்கையையும் எடுத்தாண்டார்.

அரசாங்கம் அவ்வுரையை அலட்சியம் செய்யவில்லை. அதே ஆண்டு நவம்பர் மாதத்திலே சார்ல்ஸ் பேரரசர் வித்தோரியா வாழ்ந்த மடத்தின் தலைவருக்குக் கடிதம் அனுப்பி, இத்தகைய பொருள்களைப் பற்றி அனுமதியின்றிப் பேசுதலைத் தடுத்ததோடு, அவை பற்றிய எழுத்துகளை ஒப்படைக்குமாறும் பணித்தார். வித்தோரியா 1546இல் இறந்தார். தம் விரிவுரைகளை அவர் தம் வாழ்நாளில் அச்சிடவில்லை. பேச்சைக் கேட்டவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டே, 1557 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு லியோன் நகரிலே அவை முதன்முதல் நூலாக வெளிவந்தன. மாணவர் சிலர் அன்று எழுதுகோலை எடாதிருந்தால், அவ்வுரை மண்டபத்தின் சுவர்களோடு அடங்கிப்போயிருக்கும். இச்செய்தியை நினைவில் வைத்தல் வேண்டும். மேல்வரும் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோலாகும்.

அச்சான அந்நூல் ஒல்லாந்து தேசத்துச் சட்ட அறிஞர் கிரோசியஸின் கையை அடைந்தது. 1603 ஆம் ஆண்டிலே சிங்கப்பூருக்கு அருகில் ஒல்லாந்தர் சாந்தா கத்தரினா என்னும் போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினர். அச்செயலுக்கு நியாயம் கூறுமாறு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கிரோசியஸை அமர்த்தியது. அவர் எழுதிய பெருநூலின் ஓர் அத்தியாயமே ‘சுதந்திரக் கடல்’ என்னும் பெயரோடு 1609இல் தனியாக அச்சாயிற்று. கீழைக் கடல்களிலே பிறரை விலக்கும் உரிமை போர்த்துக்கேயருக்கு இல்லை என்பது அதன் வாதம். அதற்கு அவர் வித்தோரியாவை மேற்கோளாகக் காட்டினார். இலங்கை, யாவா முதலிய தீவுகள் தமக்கெனச் சொந்த அரசர்களை உடையவை, போர்த்துக்கேயரின் உடைமையல்ல என்றும் எழுதினார். மன்னாரிலே அப்பொழுது போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1560இலேயே அவர்கள் அத்தீவைப் பிடித்திருந்தனர்.

இவ்வாதத்துக்கு மறுப்பும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. வல்லதோலித்திலே பேராசிரியராயிருந்த செராபின் தெ பிரெய்த்தாஸ் என்னும் துறவி, 1625 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் பக்கம் நின்று நூலொன்று எழுதினார். ஆனால், வாதத்தை முடித்து வைத்தவை நூல்களல்ல, பீரங்கிகளே. 1658இலே ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கைப்பற்றியபின், கடல் அனைவர்க்கும் பொது என்று வாதித்த அதே கம்பனியார் மன்னார் முத்துப் பார்களைத் தம் தனியுரிமையாக்கிக் காவல் வைத்தனர். கொள்கை வேறு, வருவாய் வேறு என்பதை மன்னார்க் கரை அன்றே கண்டது.

ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின்னும் கிரோசியஸ் இக்கரையை விட்டு நீங்கவில்லை. அவர் சிறையிலிருந்தபோது எழுதி, 1631இல் வெளியான ஒல்லாந்தச் சட்ட முன்னுரை நூல், உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் மூல நூல்களுள் ஒன்று. 1795இலே மன்னாரைப் பிடித்த ஆங்கிலேயர் அச்சட்டத்தை மாற்றாது விட்டனர். இன்றும் இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு உரோம ஒல்லாந்தச் சட்டமே அடிப்படை. கடலும் கடற்கரையும் பொது, பிடிபடாத மீன் எவர்க்கும் உரியதன்று, பிடித்தவனே அதற்கு உடையவன் என்னும் கொள்கைகள் இவ்வழியே வந்தவை.

ஆயினும், மீனுக்குப் பொருந்தும் விதி முத்துக்கும் சங்குக்கும் பொருந்துமா? மீன் ஓடித் திரியும். சிப்பியும் சங்கும் ஏறக்குறைய கிடந்த இடத்திலேயே கிடக்கும். சுவிற்சர்லாந்து அறிஞர் வத்தேல் 1758 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நாடுகளின் சட்டம் பற்றிய நூலிலே, கடலின் ஒரு பகுதி உடைமையாகலாம் என்பதற்கு பாரைன் முத்துக் குளிப்பையும் இலங்கை முத்துக் குளிப்பையுமே எடுத்துக்காட்டினார். ஆங்கிலேயரோ 1811 ஆம் ஆண்டிலே, முத்துப் பார்களின் அருகே காரணமின்றிச் சுற்றித் திரியும் தோணிகளைப் பறிமுதல் செய்ய இடமளித்து ஒரு சட்டம் இயற்றினர். அப்பார்களிற் பல, கரையிலிருந்து மூன்று மைல் என்று பிற்காலத்தார் வகுத்த எல்லைக்கு அப்பாலே கிடந்தன. இதனால் மன்னார்க் கடலின் சங்கும் சிப்பியும் உலகச் சட்ட நூல்களிலே இடம்பெற்றன. 1893இலே பரிசு மாநகரில் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே பேரிங் கடலின் கடல்நாய்களைப் பற்றி நடைபெற்ற நடுத்தீர்ப்பிலேகூட, அமெரிக்கச் சட்டத்தரணிகள் இலங்கை முத்துப் பார்களை முன்னுதாரணமாகக் காட்டினர்.

இக்கட்டத்திலே வரலாறு கல்கத்தாவுக்குத் திரும்புகின்றது. 1857இல் தோன்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலே சட்ட விரிவுரைகளுக்கென நிலையான அறக்கட்டளை ஒன்றை நிறுவியவர் பிரசன்னகுமார் தாகூர். கவி இரவீந்திரரின் பெருங்குடியிலே வேறொரு கிளையைச் சேர்ந்தவர். அரசாங்க வழக்கறிஞராகப் பெரும் பொருள் ஈட்டியவர். மிதிலை நாட்டுத் தர்ம நூலான விவாத சிந்தாமணியை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தவர். 1868இலே அவர் இறந்தபோது எழுதி வைத்திருந்த உயிலின்படி, ஆண்டுதோறும் ஓர் அறிஞர் தாகூர் சட்டப் பேராசிரியராக நியமிக்கப்பட்டு, ஒரு பொருளை எடுத்துத் தொடர் விரிவுரை நிகழ்த்த வேண்டும். அவ்விரிவுரைகள் நூலாக அச்சாகவும் வேண்டும். பேசுவதோடு அமையாது அச்சிடுதலையும் கடமையாக்கியதே அக்கொடையின் சிறப்பு. சலமன்காவிலே மாணவரின் ஆர்வத்தாலே தற்செயலாக நேர்ந்ததை, பிரசன்னகுமாரர் ஒழுங்குமுறையாக்கினார்.

அந்த உயிலே பின்னர் ஒரு பெரும் வழக்குக்குக் காரணமாயிற்று என்பது வியப்புக்குரியது. பிரசன்னகுமாரரின் ஒரே மகன் ஞானேந்திரமோகனர் கிறித்துவ மதத்தைத் தழுவியதால் தந்தை அவரை விலக்கிச் சொத்தை வேறு கிளையினருக்கு எழுதினார். இங்கிலாந்திலே 1862இல் பாரிஸ்டராகிய முதல் இந்தியர் எனப் பெயர்பெற்ற ஞானேந்திரமோகனர், அவ்வுயிலை எதிர்த்து வழக்காடினார். பிரித்தானியாவின் பிரிவி கவுன்சில் 1872இலே தீர்ப்பளித்தது: உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்திராத ஒருவருக்கு இந்துச் சட்டப்படி கொடை செல்லாது. இன்றளவும் சட்ட மாணவர் பயிலும் தீர்ப்பு அது. சொத்துகளை எதிர்காலத்துக்கு என்றென்றும் கட்டிவைத்தல் பற்றிய சட்டமே, 1898 ஆம் ஆண்டுக்குரிய தாகூர் விரிவுரைகளின் பொருளாயிற்று. அதனை நிகழ்த்தியவர் பின்னாளிலே அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் புகழ்பெற்ற ஆசுதோஷ் முகர்ஜி. அறம் நாட்டியவரின் உயிலிலிருந்து எழுந்த சிக்கலை, அவ்வறத்தின் பயனாகவே அறிஞர் ஒருவர் ஆராய நேர்ந்தது.

தாகூர் மேடையிலே ஏறியவர்களின் வரிசை நீண்டது. இராஷ் பிகாரி கோஷ் அடைமானச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். குருதாஸ் பானர்ஜி பெண்களின் திருமணத்தையும் சீதனத்தையும் ஆராய்ந்தார். ஜெர்மனி நாட்டு வடமொழி அறிஞர் யோலி 1883இலே பாகப் பிரிவினையின் வரலாற்றை விளக்கினார். இங்கிலாந்திலிருந்து பொல்லொக், அமெரிக்காவிலிருந்து உரொஸ்கோ பவுண்டு ஆகியோர் வெவ்வேறு காலங்களில் வந்தனர். இராதா வினோத் பால் 1938 ஆம் ஆண்டுக்குரிய விரிவுரைகளிலே நாடுகளுக்கிடையிலான குற்றங்களைப் பொருளாகக் கொண்டார். எட்டாண்டுகளின் பின் அவரே தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்திலே நீதிபதியாக அமர்ந்து, குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டுமெனத் தனித்து நின்று தீர்ப்பெழுதினார். அத்தீர்ப்பை ஏற்பவரும் மறுப்பவரும் உளர். அதன் பின்னே விரிவுரைக்கென ஆராய்ந்த ஆண்டுகள் இருந்தன என்பதில் ஐயமில்லை.

பேசாலைக்கு மிக நெருங்கியது 1889 ஆம் ஆண்டுக்குரிய தொடர். அதனை நிகழ்த்திய லால் மோகன் தாஸ் எடுத்துக்கொண்ட பொருள், நீர்க்கரை உரிமையும் வண்டல் நிலமும் மீன்பிடி உரிமையும். வங்கம் ஆறுகளின் நாடு. அங்கே ஆறு ஓராண்டு ஒருவன் வயலை அரித்து, மறு ஆண்டு மற்றொருவன் கரையிலே மண்ணைக் கொட்டும். நீரிலே மீன் பிடிக்கும் உரிமை ஜல்கர் என்னும் பெயரிலே நிலத்தினின்று தனியாக விற்கப்படும், குத்தகைக்கு விடப்படும். அதுவரை நிலச் சொத்தையும் குடும்பச் சொத்தையுமே பெரிதும் எண்ணிய சட்ட மேடையிலே, நீரின்மேல் வாழ்பவனின் உரிமை ஒரு முழுத் தொடருக்குரிய பொருளாயிற்று. அவ்விரிவுரைகள் நூலாக வெளிவந்து வழக்கறிஞர் கைகளிலே நெடுங்காலம் பயன்பட்டன.

அதன்பின் சில ஆண்டுகளிலே, பேசாலைக்கு எதிர்க்கரையிலே இதே கேள்வி எழுந்தது. இராமநாதபுரத்தைச் சார்ந்த கடலிலே குத்தகைக்கு விடப்பட்ட சங்குப் படுகையிலிருந்து பிறர் சங்கு எடுத்தனர். அது திருட்டாகுமா என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த அன்னக்குமாரு பிள்ளை வழக்கு. மீனைப்போல் விரைந்து ஓடித் தப்பும் ஆற்றல் சங்குக்கு இல்லை; நெடுங்கால அனுபவத்தாலே அப்படுகை உடைமையாகக் கருதத்தக்கது; நிலம் சூழ்ந்த பாக்குக் கடலும் வெறும் பெருங்கடலன்று, அரசின் ஆள்புலத்தைச் சேர்ந்தது என நீதிமன்றம் கொண்டது. 1904இலே சட்ட அறிக்கையில் இடம்பெற்ற அத்தீர்ப்பும் இலங்கை முத்துப் பார்ச் சட்டங்களும் சேர்ந்து, 1923–24 ஆம் ஆண்டு பிரித்தானியப் பன்னாட்டுச் சட்ட ஆண்டு மலரிலே சிசில் ஹர்ஸ்ட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு ஆதாரமாயின. கடலடி யாருக்கு உரியது என்பதே அக்கட்டுரையின் தலைப்பு. கட்டுரையாசிரியர் பின்னர் பன்னாட்டு நிரந்தர நீதிமன்றத்தின் தலைவரானார்.

இதுகாறும் கண்டவற்றிலே ஒரு குறை தெரிகின்றது. மன்னார்க் கடலைப் பற்றி உலகம் பேசியது. ஆனால் மன்னார்க் கரை மக்களின் வழமையைக் கேட்டவர் மிகச் சிலர். கிரோசியஸ் இக்கடலைக் கண்டவரல்லர், வத்தேலும் காணவில்லை. கரையோரத்தாருக்கென்று கடலைப் பற்றிய சட்ட அறிவு எதுவும் இருந்ததா என்னும் கேள்விக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்திலே விடை கூறினார் ஒருவர். போலந்து வழிவந்த சார்ல்ஸ் அலெக்சாந்திரோவிச் 1950களிலே சென்னையிற் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியராக விளங்கினார். கிரோசியஸுக்கும் பிரெய்த்தாஸுக்கும் நடந்த வாதத்தை அவர் மீண்டும் ஆராய்ந்தார். இந்துமாக்கடலிலே ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே எல்லா நாட்டு வணிகரும் தடையின்றிக் கப்பலோட்டும் மரபு நிலவியது. சுதந்திரக் கடல் என்னும் கொள்கையை வகுத்தபோது கிரோசியஸ் இம்மரபைக் கண்முன் கொண்டிருந்தார் என்பது அவர் கண்ட முடிவு. 1960 ஆம் ஆண்டிலே ஹேக் நகரப் பன்னாட்டுச் சட்டக் கழகம் அவரை அழைத்தது. 1923 முதல் உலகெங்குமுள்ள அறிஞரை அழைத்து விரிவுரை நிகழ்த்துவித்து, அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டு வரும் கழகம் அது. அங்கே அவர், ஐரோப்பிய அரசுகளும் தென்னாசிய அரசுகளும் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே சமநிலையிற் செய்த உடன்படிக்கைகளை எடுத்துரைத்தார். மேற்கே கற்று வந்து கிழக்கிலே ஓதுதல் அதுவரை வழக்கமாயிருக்க, கிழக்கின் கடலிலே கற்றது மேற்கின் மேடையில் ஓதப்பட்டது.

இலங்கையிலும் சட்டக் கல்வி இக்காலத்திலே வளர்ந்தது. 1874 முதல் சட்டத்தரணிகளைப் பயிற்றி வந்த சட்டக் கல்லூரிக்குத் துணையாக, இலங்கைப் பல்கலைக்கழகத்திலே 1947இல் சட்டத்துறை தொடங்கிற்று. அது 1950இலே பேராதனைக்குச் சென்று, 1965இலே கொழும்புக்கு மீண்டது. அங்கு நெடுங்காலம் பேராசிரியராயிருந்த த. நடராஜா, இலங்கையின் சட்ட முறையை வரலாற்றுப் பின்னணியில் விளக்கும் நூலை 1972இல் வெளியிட்டார். நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா தமிழரின் வழமைச் சட்டங்களை விரிவாக எழுதினார். இவ்விருவரும் ஆராய்ந்தவற்றுள் முதன்மையானது தேசவழமை.

தேசவழமை தோன்றிய வரலாறு இங்கே சிந்திக்கத்தக்கது. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டறிந்த வழமைகளை 1707 ஆம் ஆண்டிலே தொகுத்து முடித்தார். தொகுப்பு தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, வழமைக்கு ஒத்திருக்கிறதென ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806இலே அதற்குச் சட்ட வலுவை உறுதிப்படுத்தினர். ஆட்சியாளன் எழுதியதை ஆளப்படுவோர் பார்த்து ஒப்புக்கொள்ளும் அந்த முறை அக்காலத்திலே அரியது. எனினும், அத்தொகுப்பின் தலைப்புகளை நோக்கினால், முதுசம், சீதனம், தேடியதேட்டம், காணி, ஈடு, கொள்வனவு, கடன் என்பனவே மேலோங்கி நிற்கின்றன. கடலுக்கெனத் தனியே ஒரு பிரிவு இல்லை. பார்வையிட்ட முதலியார்கள் நிலத்தோடு தொடர்புடைய பெருங்குடியினர். வலை வளைப்போரையும் சங்கு குளிப்போரையும் அழைத்துக் கேட்டார் இலர்.

எழுதப்படாத வழமை நீதிமன்றத்திலே நிற்பது கடினம். வழமையைச் சட்டமாக ஏற்க வேண்டுமாயின் அது பழமையானது, நிச்சயமானது, நியாயமானது, இடைவிடாது கைக்கொள்ளப்பட்டது எனச் சான்று காட்ட வேண்டும். கரைவலை வளைப்பதிலே முறை எவ்வாறு சுழல்கிறது? வலைக்குரிய சம்மாட்டிக்கும் வலை இழுப்போருக்கும் பங்கு எவ்விதம்? அயலூரார் பருவ காலத்திலே வந்து வாடி அமைக்க வேண்டின் யார் இசைவு தர வேண்டும்? புயலிலே அறுந்து போன வலையைக் கண்டெடுத்தவன் அதனை என் செய்ய வேண்டும்? இவற்றுக்கெல்லாம் கடற்கரை ஊர்களிலே விடை தெரிந்த பெரியோர் உண்டு. ஆனால் நீதிபதியின் மேசையிலே வைக்கத்தக்க நூல் அரிது.

இதன் விளைவு சென்ற அரை நூற்றாண்டிலே தெளிவாகத் தெரிந்தது. 1974 ஜூன் மாதத்திலும் 1976 மார்ச் மாதத்திலும் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கைகள் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லை வகுத்தன. அதே காலத்திலே பேசாலையில் சோவியத்து நாட்டு உதவியோடு எண்ணெய் தேடிக் கிணறுகள் தோண்டப்பட்டன. விற்பனைக்குரிய அளவிலே எண்ணெய் கிட்டவில்லையாயினும், கடலடி யாருக்கு உரியது என்னும் பழைய வினா புதிய பொருள் பெற்றது. 1973இலே தொடங்கிய ஐக்கிய நாடுகள் கடற்சட்ட மகாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான சேர்லி அமரசிங்க. அவர் 1980இல் மறைந்தபின் 1982இலே சமவாயம் நிறைவேறிற்று. இவையெல்லாம் அரசுகளின் உரிமையை வகுத்தன. ஒரே மொழி பேசி, ஒரே கடலிலே தலைமுறை தலைமுறையாகத் தொழில் புரிந்த இரு கரைத் தமிழரின் வழமைக்கு இவ்வாவணங்களிலே கிடைத்த இடம் சிறிது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. கடல் செல்லத் தடைகள் வந்தன. 2009இலே போர் முடிந்து வடபுலத்தார் மீண்டும் கடலில் இறங்கியபோது, எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் தம் வலைகளையும் கடலடியையும் அழிக்கின்றன எனக் குறைகூறினர். 2017 ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் அடியிழுவை முறையைச் சட்டத்தாலே தடைசெய்தது. எதிர்க்கரையிலே படகிற் கூலிக்குச் செல்பவனும் ஏழையே. அவனும் சிறைப்பட்டுத் துன்புறுகின்றான். எனவே, எல்லைக் கோடு எங்கே என்பதோடு வழக்கு முடிவதில்லை. எந்தக் கருவி, எந்தப் பருவம், எத்தனை நாள், யாருக்கு எவ்வளவு என்பன எஞ்சி நிற்கின்றன. இவையோ பழைய கடல் வழமைகள் கையாண்ட பொருள்களே.

இவ்விடத்திலேதான் சட்டத்துறைகளின் சிறப்பு விரிவுரைக்குப் புதிய கடமை ஒன்று தோன்றுகின்றது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை இயங்குகின்றது. பேசாலையிலிருந்து அது கொழும்பினும் அண்மையிலுள்ளது. சட்டத்துறைகளிலே சிறப்பு நிகழ்ச்சிகள் பலவகையாக நடைபெறுகின்றன. நினைவு விரிவுரை, கருத்தரங்கு, மாணவரே சட்டத்தரணிகளாக நின்று வாதிடும் மாதிரி வழக்கு என்பன அவற்றுட் சில. உலகப் பல்கலைக்கழகங்கள் பங்குகொள்ளும் ஜெசப் மாதிரி வழக்குப் போட்டி 1960 முதல் நடந்து வருகின்றது. இம்மேடைகளிலே நீதியரசரும் வெளிநாட்டுப் பேராசிரியரும் அமர்வது முறையே. அவர்களோடு, கரைவலைச் சம்மாட்டியும் சங்கு குளித்த முதியவரும் மீன் உலர்த்தும் பெண்ணும் சாட்சிகளாகவன்றி விருந்தினராகவே அழைக்கப்படலாகாதா? அவர்கள் கூறுவதை மாணவர் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை ஊருக்கு எடுத்துச் சென்று, அன்று முதலியார்களிடம் காட்டியதுபோல ஊராரிடம் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் திருத்தியபின் அச்சிட வேண்டும். ஓர் ஊரின் வழமை மற்றோர் ஊருக்கு ஒவ்வாதிருக்கலாம். சில வழமைகள் இன்றைய நீதிக்குப் பொருந்தாது கழிக்கத்தக்கனவாகவும் இருக்கலாம். பெண்களுக்கும் வந்தேறிய கூலியாட்களுக்கும் பங்கு மறுக்கும் வழமையைப் பழமை என்ற ஒரே காரணத்தாற் போற்ற வேண்டியதில்லை. ஆராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளவும், முதலில் அவை எழுத்திலே இருத்தல் வேண்டும்.

சலமன்காவிலே ஓர் ஆசிரியர் பேசினார், மாணவர் எழுதினர், எழுபது ஆண்டுகளுக்குப் பின் அது கடலின் சட்டமாக விரிந்தது. கல்கத்தாவிலே ஒரு செல்வர் பொருள் வைத்தார்; ஆற்றிலே மீன் பிடிப்பவனின் உரிமை நூலாயிற்று. யாழ்ப்பாணத்திலே பன்னிரண்டு பேர் ஒரு வரைவைப் படித்துப் பார்த்தனர். அது முந்நூறு ஆண்டுகளாக ஒரு மக்களின் சட்டமாய் நிலைத்து வருகின்றது. இம்மூன்றுக்கும் தேவைப்பட்டவை ஒரு மேடை, கேட்கும் மாணவர், எழுதி அச்சிடும் ஏற்பாடு என்பனவே. பேசாலையின் கடல் வழமைக்கும் இவையே போதும். அவ்வழமையை வாய்மொழியாக அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனராதலின், இதனைச் செய்ய எண்ணும் சட்டத்துறை காலம் தாழ்த்தலாகாது.